இரண்டு கிலோமீட்டர் பாம்பன் பாலம் ஓர் அறைக்குள் அடங்குமா?

9 பிப்ரவரி 2025: வாசகர் ஒருவரின் கேள்வி

சிறு வயதில் பாம்பனில் பார்த்த தூக்குப் பாலத்தையும் அதன்மேல் ஊர்ந்து சென்ற மீட்டர் கேஜ் ரயிலையும் மாதிரி அமைப்பாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னிடம் இருப்பது 10க்கு 11 அடி அறை. பாலத்தின் நீளமோ 2,065 மீட்டர். உண்மையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 அளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 மீட்டர் வருகிறது. நீளத்தைச் சுருக்கினால் அது ஏதோ ஒரு பாலமாகிவிடுமே தவிர, பாம்பன் பாலமாக இருக்காது என்பது என் கருத்து. ஆகவே இந்த ஆசையை விட்டுவிட்டு ஒரு சிறிய கிராம நிலையத்தைச் செய்வதே நல்லது என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

10 பிப்ரவரி 2025

மறுக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் பார்த்தபோது எங்கே நின்றீர்கள்? ரயிலுக்குள்ளிருந்தா, கரையிலிருந்தா, படகிலிருந்தா, அல்லது 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்தா? இதற்கு விடை சொல்லாமல் அளவுநாடாவைக் கையில் எடுப்பதில் பயனில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை சாலைப் பாலத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பார்த்து, தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தவர்கள்கூடத் தாங்கள் மேலிருந்து பார்த்ததாகவே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

11 பிப்ரவரி 2025

படகிலிருந்து பார்த்ததாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். என் நிலையும் அதுவே. கோடை விடுமுறையில் மாமாவின் வத்தையில் (சிறு படகில்), இரண்டு பாலங்களுக்கும் இடையே உள்ள நீரில் நின்று ரயில் பாலத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த நிலையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: சாலைப் பாலம் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது, அதைச் செய்ய வேண்டியதே இல்லை. எதிரே ரயில் பாலமும் அதற்கு அப்பால் திறந்த கடலும் மட்டுமே.

இனிக் கணக்குக்கு வருவோம். தலையைத் திருப்பாமல் வசதியாகப் பார்க்கக்கூடிய பரப்பை 60 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்திலிருந்து 100 மீட்டர் தொலைவில் படகு நின்றிருந்தால், அந்த 60 பாகைக்குள் அடங்கும் பாலத்தின் நீளம் சுமார் 115 மீட்டர்தான். தூக்குப் பகுதி சுமார் 225 அடி, அதாவது 68 மீட்டருக்குச் சற்று மேல். அதன் இருபுறமும் தூணுக்குத் தூண் பாதையைத் தாங்கும் சுமார் 12 மீட்டர் இரும்புக் கர்டர்கள் ஓரிரண்டு தெரியும், அவ்வளவே. 1:87 அளவில் இது 1.32 மீட்டர். எதையும் சுருக்காமல், எந்தக் கர்டரையும் விடாமல், கண் கண்டது முழுவதும் ஒரு மேசையின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது காத்திருந்த நேரத்தில் இருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள மண்டபம் ஊரின் பக்கத்தில் ரயில் ஒரு கோடாகத் தெரியத் தொடங்கி நம் எதிரே வந்து சேர்வதற்குள் கழிந்த நேரத்தைத்தான் நாம் நீளமாக நினைவில் வைத்திருக்கிறோம். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று கொண்டால் பாலத்தைக் கடக்க 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு சிறுவனுக்கு 8 நிமிடம் மிக நீண்ட பாலம்.

11 பிப்ரவரி 2025, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும் அந்த இடத்தில் எந்தப் படகோட்டியும் தூண்களுக்கு அவ்வளவு அருகில் நிற்க விரும்பமாட்டார் என்பதால் 100 மீட்டர் சற்றுக் குறைவு என்று தோன்றுகிறது. 150 மீட்டர் என்று கொண்டால் பார்வைக்குள் விழுவது 173 மீட்டர். மாதிரியில் 2 மீட்டர். உங்கள் அறையின் நீண்ட சுவர் 3.35 மீட்டர். நடுவில் 2 மீட்டர் காட்சி, இருபுறமும் 60 செ.மீ. மறைவிடம் என்று பிரித்தால் சரியாகப் பொருந்துகிறது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. 150 மீட்டரை 87ஆல் வகுத்தால் 1.72 மீட்டர். பார்ப்பவரின் நாற்காலியைப் பாலத்திலிருந்து 1.72 மீட்டர் தள்ளிப் போட்டால், அன்று படகிலிருந்து கண்ணில் விழுந்த அதே கோணத்தில், அதே பெரிதாகப் பாலம் தெரியும். அறையின் குறுகிய பக்கம் 3.05 மீட்டர்; பாலத்துக்குப் பின்னால் ரயில் திரும்பி வரும் மறைவுப் பாதைக்கு ஒரு மீட்டர் ஒதுக்கினாலும் நாற்காலிக்கு இடம் இருக்கிறது. அறை போதவில்லை என்ற கவலையை இனி விட்டுவிடலாம்.

16 பிப்ரவரி 2025

அடித்தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வத்தையில் நிற்கும் சிறுவனின் கண், நீர்மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். 1:87 அளவில் அது 2.3 செ.மீ. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தபடி உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதற்கு 2.3 செ.மீ. கீழே கடலின் பரப்பை வையுங்கள். எனக்கு இது 1.15 மீட்டரை ஒட்டி வந்தது. வழக்கமான மேசை உயரத்தில் வைத்தால் ரயிலின் கூரைதான் தெரியும். பாம்பன் ரயிலின் கூரையைப் படகிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

தொடுவானக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்திலேயே இருக்கும். எனவே பின்திரையில் கடலும் வானமும் சந்திக்கும் கோடு நீர்ப்பரப்பிலிருந்து 2.3 செ.மீ. உயரத்தில்தான் வரவேண்டும். நான் பார்த்த பல அமைப்புகளில் இந்தக் கோடு ஒரு சாண் உயரத்தில் வரையப்பட்டிருந்தது. மற்ற வேலைப்பாடெல்லாம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும், கடல் ஒரு சரிவான வயல்போலத் தெரிந்ததற்குக் காரணம் அந்த ஒரு கோடுதான்.

2 மார்ச் 2025

பாதையைப் பற்றி. மீட்டர் கேஜில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. எச்ஓஎம் (1:87 மீட்டர் கேஜ்) பாதை நமக்கு அப்படியே பொருந்தும். கடையில் எளிதில் கிடைக்கும் 16.5 மி.மீ. எச்ஓ (1:87 அளவின் வழக்கமான) பாதையைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஒல்லியான பாதையின்மேல் பெட்டிகள் இருபுறமும் பிதுங்கி நிற்கும் தோற்றம்தான் மீட்டர் கேஜின் முகம். பாதையை அகலமாக்கினால் அந்த முகம் போய்விடும்.

நம் மீட்டர் கேஜ் ரயில்களை இழுத்த ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. உடலை முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும். இயக்கப் பகுதிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: 1:120 என்ற டிடி அளவும் 12 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது. அந்த அளவில் வெளிவரும் ஆறு அச்சு டீசல் எஞ்சின்களில் நீளமான ஒன்றின் அடிப்பகுதியை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 15.6 மீட்டர் நீளமுள்ள ஒய்டிஎம்4இன் 18 செ.மீ. மாதிரி உடலுக்கு அது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. போகிகளின் (அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளின்) இடைவெளியில் சிறு வேறுபாடு இருக்கும். பக்கச் சட்டங்களைப் புதிதாக ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

9 மார்ச் 2025

பெட்டிகளின் நிறம் பற்றி இங்கே எழுந்த வாக்குவாதத்தைக் கவனித்தேன். ஒருவர் செங்காவி என்கிறார், ஒருவர் நீலம் என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க வழியுண்டு. இந்திய ரயில் பெட்டிகள் 1990களின் பிற்பகுதி வரை செங்காவி நிறத்திலேயே ஓடின, அதன் பிறகே படிப்படியாக நீலத்துக்கு மாறின. பாம்பன் பாலம் 2007இல் அகலப் பாதையானது. ஆகவே ஒல்லியான பாதையில் நீலப் பெட்டிகளைப் பார்த்தவர், ஏறத்தாழ அந்தப் பத்தாண்டுக்குள் பார்த்திருக்கிறார். நிறத்தை நினைவில் வைத்திருப்பவர் ஆண்டையும் தன்னையறியாமல் நினைவில் வைத்திருக்கிறார் என்றே சொல்லலாம். உங்கள் காட்சிக்கு ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து நகராதீர்கள்.

1964 புயலுக்கு முந்திய பாலத்தைச் செய்யலாமே என்று கேட்டவருக்கு: தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது நாம் நேரில் கண்ட காட்சியாக இருக்காது. அந்த டிசம்பர் இரவில் 145 கர்டர்களில் 126ஐக் கடல் கொண்டுபோனது, தூக்குப் பகுதி நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீண்டும் எழுப்பினார்கள். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பொருத்தினார்கள் என்பது அந்தப் பகுதி மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. நாம் பார்த்ததெல்லாம் அதற்குப் பிந்திய பாலம்.

23 மார்ச் 2025

தண்ணீர் பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. கண் நீர்மட்டத்துக்கு 2.3 செ.மீ. மேலேதான் இருப்பதால் பரப்பை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம். அந்தக் கோணத்தில் ஆழம் தெரியாது, அடிமணல் தெரியாது. வானத்தின் ஒளியும் அலையின் மேடுபள்ளமும்தான் தெரியும். ஆகவே விலையுயர்ந்த ரெசினை ஊற்றி ஆழம் காட்டுவது வீண் வேலை. ப்ளைவுட்டின்மேல் வண்ணம் பூசி, அதன்மேல் கெட்டியான அக்ரிலிக் களிம்பைத் தட்டையான தூரிகையால் ஒத்தி ஒத்தி எடுத்து, காய்ந்தபின் பளபளப்பான வார்னிஷ் அடித்தால் போதும். ஒரு அடி உயர அலை மாதிரியில் 3.5 மி.மீ.; அதற்கு மேல் போகக் கூடாது.

வண்ணத்தையும் அலையையும் தீர்மானிக்கும் முன் மாதத்தைத் தீர்மானியுங்கள். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். பெண் கடல், ஆண் கடல் என்று ராமேசுவரத்தில் பிரித்துச் சொல்வார்களே, அந்த வேறுபாடு ஒரே பாலத்தின் இரு பக்கங்களிலும் ஒரே நாளில் தெரியும். பாலத்துக்கு முன்னால் ஒரு விதமான நீரும் பின்னால் வேறு விதமான நீரும் இருப்பதுதான் அந்த இடத்தின் தனித்தன்மை. என் பார்வையில், கர்டர்களைவிட அதற்கே அதிகக் கவனம் கொடுக்க வேண்டும். தூண்களின் அடியில் நீரோட்டம் மோதும் பக்கத்தில் மட்டும் வெண்நுரை வையுங்கள். எல்லாப் பக்கமும் வைத்தால் நீர் ஓடுவதுபோல் தோன்றாது.

8 ஏப்ரல் 2025

நேற்று முன்தினம் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதையொட்டிப் பலர் தனிப்பட எழுதியிருந்தீர்கள். அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர், அப்படியே செங்குத்தாக மேலே உயர்வது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. இதுவரை நாம் விரும்பும்போது போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஒவ்வொன்றையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. போகிறவர்கள் படம் எடுக்கும்போது கர்டரின் முழு நீளமும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி, பாலத்துக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். கர்டரின் நீளம் நமக்குத் தெரியும் என்பதால், தூணின் அகலம், நடைபாதைக் கம்பியின் உயரம், இருபுறச் சட்டகங்களின் உயரம் எல்லாவற்றையும் அந்த ஒரு படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். சாய்வாக எடுத்த அழகான படங்கள் இந்த வேலைக்கு உதவுவதில்லை.

20 ஏப்ரல் 2025

ரிவெட் தலைகளைப் பற்றி. கூட்டி இறுக்கிய அந்தச் சட்டகங்களில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் ஆணிகள்) உண்டு. ஒவ்வொன்றும் மாதிரியில் அரை மி.மீ.க்கும் குறைவாகவே வரும். 1.72 மீட்டர் தொலைவிலிருந்து நல்ல பார்வையுள்ளவர்களால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு அரை மி.மீ. ஆகவே அவற்றை விட்டுவிடலாம்.

21 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். தனித்தனி ரிவெட் கண்ணுக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால் பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்போது, ரிவெட் வரிசை ஒரு மங்கிய கோடாகத் தெரிகிறது. அது இல்லாத தகடு பிளாஸ்டிக்காகவே தெரிகிறது. நான் இரண்டு தகடுகளை அருகருகே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது வேறுபாடு உடனே தெரிந்தது. எனவே தகட்டின் பின்புறத்தில் மழுங்கிய ஊசியால் வரிசையாக அழுத்தினால் போதும், இடைவெளியை எண்ண வேண்டியதில்லை.

வண்ணத்தில் ஒரு எச்சரிக்கை. பாலத்துக்கு அடித்திருப்பது அலுமினியப் பூச்சு என்பதற்காக வெள்ளி நிற வண்ணத்தை அப்படியே அடிக்காதீர்கள். அந்த வண்ணத்திலுள்ள மினுக்குத் துகள்கள் இந்த அளவில் கூழாங்கற்களாகத் தெரியும். வெளிர் சாம்பலில் மிகச் சிறிதளவு வெள்ளியைக் கலந்து அடியுங்கள். உப்புக்காற்று அரித்த இடங்களில் துருவின் பழுப்பு மேலிருந்து கீழாகக் கசிந்திருக்க வேண்டும்.

18 மே 2025

இப்போது தூக்குப் பகுதி. இங்கேதான் பெரும்பாலோர் கதவுக் கீலைப் பொருத்தி முடித்துவிடுகிறார்கள். சிகாகோவைச் சேர்ந்த பொறியாளர் வில்லியம் ஷெர்ஸர் உருவாக்கிய முறை கீல் முறை அன்று. தூக்குப் பகுதி நடுவில் பிரிந்து எழும் இரண்டு இறக்கைகளால் ஆனது. ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் வட்டத்தின் ஒரு பகுதி போன்ற வளைந்த பாதம் இருக்கிறது. இறக்கை எழும்போது அந்தப் பாதம் தட்டையான தளத்தின்மேல் உருண்டு பின்வாங்குகிறது. அதாவது இறக்கை மேலே எழுவதோடு கப்பல் செல்லும் கால்வாயிலிருந்து விலகியும் போகிறது. 81 பாகை வரை எழும். 81 பாகை என்பது 1.41 ரேடியன்; இதை ஆரத்தால் பெருக்கினால் உருண்ட தூரம் கிடைக்கும். மாதிரியில் பாதத்தின் ஆரம் 6 செ.மீ. என்று வைத்தால், முழுதும் திறக்கும்போது அது 8.5 செ.மீ. பின்னால் நகர்ந்திருக்கும். இந்த நகர்வைக் கண் தவறவிடாது. கீல் போட்ட மாதிரியைப் பார்த்தவுடன் ஏதோ குறைகிறது என்று தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

பாதத்தை 2 மி.மீ. அக்ரிலிக்கில் லேசரால் வெட்டி, விளிம்பில் சிறு துளைகள் இட்டு, தளத்தில் அதே இடைவெளியில் பித்தளை முளைகள் நட்டால் உருளும்போது வழுக்காது. எதிர் எடைக்கு மீன்வலைக் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துகிறேன். இறக்கை எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சமநிலை கிடைத்ததும் சுண்டுவிரலால் தூக்கிவிடலாம். உண்மையான பாலத்தின் அத்தனை டன் இரும்பை மனிதர்கள் கையாலேயே திறந்ததும் இதே சமநிலையால்தான்.

1 ஜூன் 2025

ஓசை பற்றிக் கேட்டவருக்கு: எஞ்சினுக்குள் வைக்கும் சிறு ஒலிபெருக்கி போதாது. ரயில் கர்டர்மேல் ஏறியதும் சத்தம் மாறுகிறதே, அதற்குப் பாலத்தையே உலோகத்தில் செய்ய வேண்டும். நான் கர்டர்களின் உட்புறத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து, ப்ளைவுட்டோடு ஒட்டாமல் தூண்களின்மேல் மட்டும் தாங்கவிட்டிருக்கிறேன். சக்கரம் இணைப்பைத் தாண்டும்போது எழும் ஒலி, பதிவுசெய்த எந்த ஒலியையும்விட உண்மைக்கு அருகில் இருக்கிறது.

முதலில் சொன்ன காத்திருப்பு நேரத்துக்கும் இங்கே வழி இருக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகம் மாதிரியில் நொடிக்கு 4.8 செ.மீ. எட்டுப் பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து 2 மீட்டர் நீளம். 2 மீட்டர் காட்சியை அது முழுதாகக் கடக்க 80 நொடிக்கு மேல் ஆகும். மறைவுப் பாதையில் நாலைந்து நிமிடம் ரயிலை நிறுத்திவைத்து, ஓரத்து மறைப்புக்குப் பின்னாலிருந்து எஞ்சின் ஒலியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். பார்க்க வருபவர்கள் பொறுமையிழந்து கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அப்போதும் விடாதீர்கள், அந்தக் காத்திருப்புதான் நீங்கள் தேடிய 24 மீட்டர்.

29 ஜூன் 2025

இறக்கைகளை இயக்க எந்த மோட்டார் என்ற கேள்விக்கு, நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுழலும் கியர் மோட்டார் என்று எழுதத்தான் எண்ணியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் மோட்டாரே வேண்டாம் என்று படுகிறது. உண்மையான பாலத்தில் ஒவ்வொரு பக்கமும் தொழிலாளர்கள் நெம்புகோலைத் தள்ளிச் சுற்றி வந்தே திறந்தார்கள். இரண்டு இறக்கைகளும் ஒரே கணத்தில், ஒரே வேகத்தில் எழுந்ததை நான் பார்த்ததில்லை. ஒன்று முந்தும், மற்றது தொடரும். இரண்டு மோட்டார்களால் இந்த இயல்பைக் கொண்டுவருவது கடினம். அடித்தளத்தின் முன்விளிம்பில் இரண்டு கைப்பிடிகளை வைத்து, இரண்டு பேரைச் சுற்றவிட்டால் தானாகவே வந்துவிடுகிறது. என் அக்காள் பிள்ளைகள் இருவரும் சுற்றியபோது, ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பார்த்து வேகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

30 ஜூன் 2025

கைப்பிடி முறையில் ரயில் வரும்போது யாராவது பாலத்தைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கைப்பிடியையும் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். கழற்றியபின் அதைத் தொங்கவிடும் கொக்கியின் அடியில் ஒரு சிறு மைக்ரோ சுவிட்சை வைத்து, இரண்டு கைப்பிடிகளும் கொக்கியில் இருந்தால் மட்டுமே பாலத்துப் பாதைக்கும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு ரயில் நீளத்துக்கும் மின்சாரம் போகும்படி இணைத்துவிடுங்கள். இறக்கைகள் நடுவில் சேரும் இடத்தில் தண்டவாள இடைவெளி அரை மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அதைச் சரிபார்த்துப் பொருத்துவதே நல்லது. இணைப்புக் கம்பிகளின் வரைபடத்தை அடுத்த வாரம் இங்கே இணைக்கிறேன்.